தரைவீட்டுப் பின்புறத்துக்கு மரவேலி: மரம், கால், குத்தகையாளர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலி போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த மரம் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்விக்கும் கீழே பதில் உண்டு. ஆனால் சிங்கப்பூரின் மழையிலும் புழுக்கத்திலும் ஒரு மரவேலி கெடத் தொடங்கும் இடங்கள் மூன்று: வேலியைத் தாங்கும் கால் மண்ணுக்குள் இறங்கும் இடம், பலகையின் அறுத்த முனை, ஸ்க்ரூ ஏறிய துளை. வேலி போட்டுத்தரும் குத்தகையாளர் கொடுக்கும் விலைச்சீட்டில் இந்த மூன்றைப் பற்றியும் எழுத்தில் ஏதும் இல்லையென்றால், எவ்வளவு விலையுயர்ந்த மரம் வாங்கினாலும் காசு வீண்தான்.

வேலி எத்தனை வருடம் தாங்கும்?

மரத்தின் உறுதியைக் கணக்கிட மலேசியாவில் ஒரு பழைய முறை இருக்கிறது. 50 × 50 மி.மீ. தடிமனும் 600 மி.மீ. நீளமும் உள்ள, மருந்து ஏற்றாத மரத்துண்டுகளை மண்ணில் நட்டுவைத்து, எப்போது கெடுகின்றன என்று பார்ப்பார்கள். 10 ஆண்டுக்கு மேல் தாங்குவது முதல் வகுப்பு. 5 முதல் 10 ஆண்டு இரண்டாவது, 2 முதல் 5 ஆண்டு மூன்றாவது, 2 ஆண்டுக்குள் போவது கடைசி. செங்கால் மரம் முதல் வகுப்பில் இருக்கிறது. மெராந்தியில் வெளிர்நிற வகைகள் கடைசி இரண்டு வகுப்புகளில் அடங்கும்.

அந்த ஆண்டுக்கணக்கு மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் மரத்துக்கு உரியது. அதே மரம் தரைக்கு மேலே, காற்றோட்டத்தோடு, மழை நின்றதும் காய்கிறபடி இருந்தால் பல மடங்கு தாங்கும். சுமாரான மரம்கூட இப்படி நின்றால் நெடுநாள் இருக்கும். முதல்தர மரமானாலும் ஈரமண்ணில் புதைந்தால் கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

தரைவீட்டு எல்லையில் போடும் சுவருக்கும் வேலிக்கும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் உயர வரம்பு 1.8 மீட்டர். சாலையைப் பார்த்த பக்கமென்றால் ஆணையத்தின் தரைவீட்டுக் கையேட்டைத் தனியாகப் பார்த்துவிடுங்கள். வேலியோடு சேர்த்து மண்ணை உயர்த்துவது, மண்தாங்கு சுவர் கட்டுவது என்று போனால் அது வெறும் வேலி வேலையாக இருக்காது. தகுதிபெற்ற பொறியாளரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கூட்டுரிமைத் தரைவீடு, கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடியின் தரைத்தள வீடு ஆகியவற்றுக்கு நிர்வாகக் குழுமத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை. வேலியின் நிறம், உயரம், பலகையின் திசைகூட அங்கே விதியில் இருக்கலாம்.

குழி தோண்டுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

நிலத்தடி மின்கம்பி. இதில் அசட்டை கூடாது. மின்கம்பி இருக்கக்கூடிய இடத்தில் மண் தோண்டுவதற்கு முன் மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்திடமிருந்து கம்பி வரைபடம் வாங்கி, உரிமம் பெற்ற கம்பி கண்டறிபவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். 750 மி.மீ. ஆழத்துக்கு இயந்திரத் துரப்பணம் இறங்கும்போது "இங்கே ஒன்றும் இருக்காது" என்ற அனுமானம் உயிரோடு விளையாடுவது. எரிவாயுக் குழாயும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கழிவுநீர்க் குழாயும் வீட்டின் பின்பக்கச் சந்து ஓரமாகப் போகும் வீடுகள் நிறைய. குத்தகையாளரிடம் "சோதனையை யார் செய்வார்கள், அறிக்கை யார் கையில் இருக்கும்?" என்று கேளுங்கள். முழிப்பவர் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

எல்லைக்கோடு எங்கே என்று எப்படித் தெரியும்?

பழைய வேலி நிற்கும் இடத்தை எல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பு இருந்தவர்கள் ஒரு சாண் உள்ளேயோ வெளியேயோ போட்டிருக்கலாம். சிங்கப்பூர் நில ஆணையத்தின் இணையச் சேவையில் நிலத் தகவலை வாங்கலாம். தரையில் எல்லைக்கல்லைக் காணோம் என்றாலோ அண்டைவீட்டாரோடு கருத்து வேறுபாடு இருந்தாலோ, பதிவுபெற்ற நில அளவையாளர் வந்து எல்லைக்குறியை நிறுவுவதுதான் முறை. அந்தச் செலவு வேலியைப் பிடுங்கி மறுபடி நடும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு.

கோடு தெளிவானாலும், காலுக்கான கான்கிரீட் முழுவதும் உங்கள் பக்கம் இருக்கும்படி 150 முதல் 200 மி.மீ. உள்ளே தள்ளி நடுங்கள். வேலைக்கு முன்பே பக்கத்து வீட்டு அண்ணன், அக்காவிடம் போய், எந்தப் பக்கம் பலகை, எந்தப் பக்கம் சட்டம், எந்தெந்த நாள் சத்தம் வரும் என்று சொல்லிவிடுங்கள். பேச்சு முற்றினால் சமூக மத்தியஸ்த நிலையம் இருக்கிறது. அந்த அளவுக்குப் போவது பெரும்பாலும் யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான்.

எந்த மரத்தைத் தேர்ந்தெடுப்பது?

கையில் காசு இருந்தால் செங்கால். கனமானது, காய்ந்த நிலையில் கன மீட்டருக்கு 915 முதல் 980 கிலோ. புதிதில் மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும், வெயில் பட்டுக் கருஞ்சிவப்புக்குப் போகும்.

பாலாவ் அதற்கு அடுத்த நல்ல தேர்வு. அதுவும் கனம், உறுதி. காயும்போது மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு விழுவது சகஜம். வெடிப்பு பலகையின் ஊடே போகாதவரை அஞ்ச வேண்டாம்.

மெர்பாவ் பார்க்க அழகானது. ஆனால் முதல் சில வாரங்கள் மழையில் பழுப்புச் சாறு வடியும். கீழே வெள்ளை டைல், கிரானைட், பக்கத்து வீட்டுச் சுவர் எதுவானாலும் கறைபடும். மெர்பாவ்தான் வேண்டும் என்றால், பொருத்துவதற்கு முன் பலகைகளைத் திறந்தவெளியில் அடுக்கி மழையில் நனையவிட்டுச் சாற்றைக் குறைக்கச் சொல்லுங்கள்.

காப்பூர் நடுத்தரம், தரைக்கு மேல் பலகையாகப் போடலாம். கெம்பாஸ் கனமாக இருப்பதால் உறுதி என்று நம்பி வாங்குகிறார்கள். கரையானுக்கு அது பிடித்த மரம், மருந்து ஏற்றாமல் வெளியே போட வேண்டாம். மெராந்தியும் நியாத்தோவும் வீட்டுக்குள் இருக்கட்டும்.

எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதிதான் தாங்கும். மரத்தின் வெளிவட்டமான வெளிறு, செங்காலிலும்கூடக் கரையானுக்கு இரைதான். பலகையின் ஓரத்தில் வெளுத்த பட்டை ஓடினால் அந்தப் பலகையைத் திருப்பி அனுப்புங்கள்.

"செங்கால்" என்று சொல்லித் தருவது செங்கால்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சமையலறைத் தராசு போதும். 90 மி.மீ. அகலம், 19 மி.மீ. தடிமன் உள்ள பலகையில் சரியாக 300 மி.மீ. அறுத்து நிறுங்கள். காய்ந்த செங்கால் 470 முதல் 500 கிராம் காட்டும். மெராந்தி வகைகளில் பல 300 கிராமை ஒட்டியே நிற்கும். பாலாவ் இந்தச் சோதனையில் செங்காலுக்குச் சமமாக வரும், எனவே இரண்டையும் பிரித்துக் காட்டாது. மலிவு மரத்தைச் சாயம் பூசித் தரும் ஏமாற்றை மட்டும் இது பிடித்துவிடும். ஈரப்பலகை எடை கூடக் காட்டும் என்பதால் ஈரத்தையும் அளக்க வேண்டும்.

ஊசிமுனை அளவுத் துளைகள் செங்காலில் அடிக்கடி தென்படும். மரம் பச்சையாக இருந்தபோது வண்டு போட்டவை, காய்ந்தபின் வளர்வதில்லை. துளைக்குக் கீழே புதிய மரத்தூள் கொட்டினால் மட்டும் அது வேறு பூச்சி. அந்தப் பலகையை ஏற்காதீர்கள்.

சுங்கை காடுட் வட்டாரத்தில் மரக்கடைகள் உண்டு. குத்தகையாளரோடு ஒரு நடை போய்ப் பலகையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. கூட வர மறுப்பவரிடம் காரணம் கேளுங்கள்.

பலகை காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

ஊசி வகை ஈரமானி மலிவாகக் கிடைக்கும். நம் வெளிக்காற்றில் மரம் 16 சதவீதத்தை ஒட்டி நிலைகொள்ளும். 15 முதல் 18 சதவீதம் காட்டினால் பொருத்தலாம். 25 சதவீதம் உள்ள பலகையைப் பொருத்தினால் அது அங்கேயே காய்ந்து சுருங்கி, இடைவெளி விரிந்து, ஸ்க்ரூவைச் சுற்றி வெடிக்கும். முனையிலிருந்து அரை மீட்டர் உள்ளே தள்ளிக் குத்துங்கள். முனை மட்டும் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் அங்கே அளந்தால் பொய் சொல்லும்.

மருந்து ஏற்றிய பைன் மரம் போடலாமா?

போடலாம், தரம் பார்த்து. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து முறைப்படி எச்3 என்பது தரைக்கு மேலே வெளியில் இருக்கும் மரத்துக்கு, எச்4 என்பது மண்ணைத் தொடும் மரத்துக்கு. காலுக்கு எச்3 போட்டால் ஏமாந்தீர்கள். அறுத்த இடத்திலெல்லாம் மருந்து இல்லாத உள்மரம் வெளியே வரும், அங்கே உடனுக்குடன் மருந்து பூச வேண்டும். செம்பு கலந்த மருந்து சாதாரண இரும்பை அரிக்கும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ கட்டாயம். வெட்டிய துண்டுகளை எரிக்கக் கூடாது, அந்தப் புகை நஞ்சு.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை?

உளுக்காது, எண்ணெய் தேவையில்லை. ஆனால் வெயிலில் நீளவாக்கில் விரியும். முனைக்கு முனை இடைவெளி விடாமல் பொருத்தினால் வில்லாக வளையும். உள்ளே கூடான வகையில் முனைமூடி இல்லாவிட்டால் எறும்பு குடியேறும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் பக்கத்துக்கு அடர்நிறம் வேண்டாம்.

காலுக்கு மரமா, இரும்பா?

பின்புற வேலிக்கு எங்கள் பரிந்துரை நாகப்பூச்சுள்ள (துரு ஏறாமல் துத்தநாகம் பூசிய) இரும்புக் கால், அதன்மேல் மரப்பலகை. கால் தெரியக் கூடாது என்றால் முன்பக்கம் ஒரு மரப்பட்டி போட்டு மறைத்துக்கொள்ளலாம்.

காரணம் இது. மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மண்ணுக்கு அடியில் ஆழத்தில் காற்று குறைவு. மேலே ஈரம் குறைவு. தரைமட்டத்துக்கு ஒரு கை மேலும் ஒரு கை கீழும் இரண்டும் சேர்ந்திருக்கும். மரக்கால் இற்று விழும்போது எப்போதும் அந்த இடத்தில்தான் முறிகிறது. கான்கிரீட்டுக்குள் நட்டால் தப்பும் என்று நினைப்பது தவறு. மரம் காய்ந்து சுருங்கியதும் கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவே முடியளவு இடைவெளி விழும், மழைநீர் அதில் இறங்கித் தங்கும். கரையானுக்கும் அது மறைவான வழி.

மரக்கால்தான் வேண்டும் என்றால், கான்கிரீட் அடித்தளத்தின் மேல் இரும்புச் செருப்பு வைத்து, மரத்தின் அடி தரையிலிருந்து 50 மி.மீ. தூக்கி நிற்கும்படி பொருத்துங்கள். இரும்புக் கால் என்றால் 75 × 75 மி.மீ. சதுரக்குழாய், 3 மி.மீ. தடிமன். பற்றவைப்பும் துளையும் முடிந்தபின் நாகத்தில் தோய்த்தெடுத்ததாக இருக்க வேண்டும். தோய்த்தபின் போடும் ஒவ்வொரு துளைக்கும் நாகம் செறிந்த பெயின்ட் பூச வேண்டும். மேல்மூடி இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். திறந்த குழாயில் நீர் தேங்கினால் துருவோடு ஏடிஸ் கொசுவும் சேர்ந்துவிடும். துணி காயப்போடும் மூங்கில் கம்பைச் செருகும் குழாய்களை மூடிவைக்கச் சொல்லித் தேசிய சுற்றுப்புற வாரியம் நினைவூட்டுவது இதே காரணத்துக்குத்தான்.

எவ்வளவு ஆழம் நடவேண்டும்?

1.8 மீட்டர் வேலிக்கு 600 மி.மீ. குறைந்தபட்சம். மண் தளர்வாக இருந்தாலும் நிரப்பிய மண்ணானாலும் 750 மி.மீ. குழியின் விட்டம் 300 மி.மீ. அடியில் 100 மி.மீ. ஜல்லி போட்டுக் கெட்டித்து, அதன்மேல் கான்கிரீட். ஆழம் 750 என்றால் ஒரு குழிக்கு 25 கிலோ தயார்க்கலவைப் பை ஏறக்குறைய 4 செலவாகும். எட்டுக் காலுக்கு 32 பை. விலைச்சீட்டில் 10 பை என்று இருந்தால் குழி எவ்வளவு ஆழம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆழத்தைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு. விடிகாலையில் வரும் சுமத்ராப் புயற்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 1.8 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் உயரமும் உள்ள அடைத்த பலகைப் பகுதியை அந்தக் காற்று 100 கிலோ எடைக்கு மேலான விசையோடு தள்ளும். மழையில் ஊறிய மண்ணில், 400 மி.மீ. மட்டும் இறங்கிய கால் அன்றே சாயலாம். ஒருமுறை சாய்ந்த காலை மண் போட்டு மிதித்து நிமிர்த்தினால் அடுத்த காற்றுக்கு மறுபடி சாயும்.

கான்கிரீட்டின் மேல்முகம் தரையைவிடச் சற்று உயர்ந்து, காலிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக முடிய வேண்டும். காலைச் சுற்றிக் கிண்ணம் போல் குழிந்திருந்தால் அதுவே நீர்த்தொட்டி.

ஏற்கெனவே இருக்கும் குட்டைச் செங்கல் சுவரின் மேல் வேலியைப் பொருத்தலாமா?

சிராங்கூன் கார்டன்ஸ், சிக்லாப் போன்ற பழைய வட்டாரங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஒற்றைச் செங்கல் அகலச் சுவர் என்றால் பொருத்த வேண்டாம். 12 மி.மீ. விரிவு போல்ட்டை முறுக்கும்போதே சுவரின் ஓரம் பிளக்கும். அப்போது பிளக்காவிட்டால், காற்று அசைத்து அசைத்துச் சில மாதத்தில் பிளக்கும். சுவரின் உள்பக்கம் தனியாகக் கால் நட்டு, வேலி தன் காலில் நிற்கட்டும். சுவர் கம்பிகட்டிய கான்கிரீட் என்று உறுதியானால் மட்டும் ரசாயனப் பசை நங்கூரம் போட்டுப் பொருத்தலாம்.

ஆணியா, ஸ்க்ரூவா?

ஸ்க்ரூ மட்டுமே, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டுமே. செங்கால், மெர்பாவ், காப்பூர் எல்லாவற்றிலும் சாதாரண இரும்பு பட்ட இடத்தில் கருநீலக் கறை வழியும். தீவின் உட்பகுதியில் 304 தரம் போதும். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், சாங்கி, செந்தோசா என்று கடற்காற்று படும் இடத்தில் 316 கேளுங்கள். அதில் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும். 304 அங்கே தேநீர்க் கறை நிறத்தில் புள்ளிவிடும்.

ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முதலில் துளை போட வேண்டும். இந்த மரங்களில் துளை போடாமல் முறுக்கினால் ஸ்க்ரூவின் தலை முறியும், இல்லையென்றால் பலகையின் முனை வெடிக்கும். முனையிலிருந்து குறைந்தது 25 மி.மீ. தள்ளி, தலை பலகை மட்டத்துக்குச் சமமாக நிற்க வேண்டும். ஆழமாக அமுக்கினால் தலைக்கு மேல் சிறு குழி விழும், ஒவ்வொரு மழைக்கும் அது நிரம்பும்.

பலகையைப் படுக்கவைப்பதா, நிறுத்துவதா?

நிறுத்திய பலகையில் நீர் ஓடிவிடும், ஆனால் அடிமுனை ஈரம் குடிக்கும். படுத்த பலகையில் மேல்விளிம்பில் நீர் நிற்கும், எனவே அந்த விளிம்பைச் சற்றுச் சாய்வாக இழைக்கச் சொல்லுங்கள். படுத்த பலகை குழந்தைகளுக்கு ஏணி. வேலிக்கு அப்பால் பெரிய வடிகால் இருந்தால் நிறுத்திய பலகையே போடுங்கள்.

எப்படியானாலும் தரையிலிருந்து 50 முதல் 60 மி.மீ. விட்டுத்தான் முதல் பலகை.

12 மீட்டர் வேலிக்கு எவ்வளவு பொருள் வேண்டும்?

கால் இடைவெளி 1.8 மீட்டரைத் தாண்டக் கூடாது. 12 மீட்டருக்கு 7 பகுதி, 8 கால். ஒரு பகுதி 1.71 மீட்டர். 90 மி.மீ. பலகையைப் படுக்கவைத்து, 13 மி.மீ. இடைவெளி விட்டால் 17 வரிசை, உயரம் 1.74 மீட்டர். தரையிடைவெளி 60 மி.மீ. சேர்த்து 1.8 மீட்டர்.

பலகை மொத்தம் 204 மீட்டர், கழிவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 225 மீட்டர் வாங்க வேண்டும். 19 மி.மீ. செங்கால் என்றால் பொருத்திய பலகையின் எடையே 330 கிலோவை ஒட்டி வரும். ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் பின்னாலிருந்து ஒரு செங்குத்துப் பட்டி கொடுத்தால் பலகைகள் முறுக்காது. இரண்டு பகுதிக்கு ஒரு பலகை என்று 3.43 மீட்டரில் எடுத்தால் இணைப்பு குறையும். ஸ்க்ரூ சுமார் 500. இணைப்புகளை ஒரே காலில் வரிசையாக வைக்காமல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

குத்தகையாளரை எப்படிச் சோதிப்பது?

நிறுவனப் பதிவு எண்ணைக் கேட்டு, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் இணையத்தளத்தில் நிறுவனம் இயங்குகிறதா என்று பாருங்கள், இலவசம்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கான குத்தகையாளர் பட்டியலில் பெயர் இருப்பது நல்லதே. ஆனால் அது வீவக வீட்டுப் புதுப்பிப்புக்கான பட்டியல், வெளியே கால் நடும் திறமைக்குச் சான்று ஆகாது. பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற புதுப்பிப்பு நிறுவனம் என்றால் முன்பணத்துக்குப் பிணைப் பாதுகாப்பு இருக்கும்.

உடலுழைப்பு ஊழியர்கள் அனைவருக்கும் வேலையிடக் காய இழப்பீட்டுக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். வேலைக்கு வரும் தம்பிகள் உங்கள் வீட்டு வளாகத்தில் காயப்பட்டால் அவர்களுக்கு நியாயம் கிடைப்பது அந்தத் தாளைப் பொறுத்தது.

புது வேலியின் படத்தைவிட, இவர் மூன்று நான்கு ஆண்டுக்கு முன் போட்ட வேலியை நேரில் பார்ப்பது மேல். அங்கே போனால் குனிந்து காலின் அடியைப் பாருங்கள். பலகை முனையை விரல்நகத்தால் அழுத்துங்கள். மேல்விளிம்போடு கண்ணை ஓட்டி, கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் அவர் வேலை தெரிந்துவிடும்.

விலைச்சீட்டில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும்?

"மரவேலி, 12 மீட்டர், கூலி உட்பட" என்று ஒரே வரியில் வருவது விலைச்சீட்டு ஆகாது. ஒப்பிட ஏதும் இல்லாததால் மூன்று பேரிடம் வாங்கியும் பயனில்லை. நீங்களே ஒரு தாளில் எழுதி மூவருக்கும் அனுப்புங்கள். அந்தத் தாள் இப்படி இருக்கலாம்:

"பலகை: செங்கால், வைரப்பகுதி மட்டும், முடிந்த அளவு 90 × 19 மி.மீ., ஈரம் 18 சதவீதத்துக்குள். கால்: 75 × 75 × 3 மி.மீ., துளையிட்டபின் நாகத்தில் தோய்த்தது, மேல்மூடியுடன். குழி: 300 மி.மீ. விட்டம், 750 மி.மீ. ஆழம், அடியில் 100 மி.மீ. ஜல்லி. ஸ்க்ரூ: 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு, முன்துளையுடன். அறுத்த முனை அனைத்திலும் பொருத்துவதற்கு முன் இரண்டு பூச்சு. பலகையின் நான்கு பக்கமும் ஒரு பூச்சு எண்ணெய், தரையில் வைத்தே. நிலத்தடிக் கம்பிச் சோதனை, பழைய வேலியை அகற்றுதல், குப்பை ஏற்றிச்செல்லுதல், 9 சதவீத ஜிஎஸ்டி உண்டா இல்லையா: தனித்தனி வரி."

நாலு பக்கப் பூச்சைத் தரையில் வைத்தே என்று எழுதுவதற்குக் காரணம், பொருத்திய பிறகு காலோடு ஒட்டிய முகத்துக்குத் தூரிகை போகாது. ஈரம் தங்குவது அங்கேதான்.

மூன்று விலையில் ஒன்று மட்டும் அடிமட்டமாக இருந்தால், அவர் எந்த வரியை மாற்றினார் என்று தேடுங்கள். வழக்கமாக மாறுவது குழியின் ஆழம், இல்லையென்றால் ஸ்க்ரூவின் தரம். இரண்டும் வேலை முடிந்தபின் கண்ணுக்குத் தெரியாதவை.

முன்பணம் எவ்வளவு கொடுப்பது?

10 முதல் 20 சதவீதம். மரம் வந்து இறங்கி நீங்கள் நிறுத்துப் பார்த்தபின் ஒரு பகுதி, கால் நட்டு முடிந்ததும் ஒரு பகுதி, கடைசி 10 சதவீதம் எல்லாம் சரிபார்த்தபின். மரம் வாங்கப் பாதிப் பணம் வேண்டும் என்பவரிடம், மரக்கடைக்கு நீங்களே நேராகக் கட்டிவிடுவதாகச் சொல்லிப் பாருங்கள். ரசீது உங்கள் பெயரில் வரும்.

வேலை நடக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கான்கிரீட் ஊற்றும் முன் ஒவ்வொரு குழியிலும் அளவுநாடாவை விட்டுப் படம் எடுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிச் சண்டை மிச்சம். மத்தியான இடிமழையில் குழி நிரம்பினால் தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்தெடுத்த பிறகே கலவை இறங்க வேண்டும். முதலில் இரு முனைக் கால்களையும் நட்டு, நூல் பிடித்து, நடுக்கால்களை அந்த நூலுக்கு நிறுத்த வேண்டும். ரசமட்டத்தை ஒவ்வொரு காலிலும் அடுத்தடுத்த இரண்டு முகத்தில் வைத்துப் பாருங்கள். கான்கிரீட்டுக்கு முழுதாக இரண்டு நாள் விட்டபின்தான் பலகை ஏற வேண்டும். அன்றைக்கே பலகை ஏற்றினால் பாரத்தில் கால் மெல்லச் சாயும், மறுநாள் அதை யாராலும் திருத்த முடியாது.

கலவை கழுவிய நீரை வடிகாலில் ஊற்ற விடாதீர்கள். மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் பிப்ரவரி நல்லது, பொதுவாக ஆண்டின் மழை குறைந்த மாதம் அது. டிசம்பரைத் தவிர்த்துவிடுங்கள்.

வார்னிஷா, எண்ணெயா?

எண்ணெய். வார்னிஷ் மேலே படலமாக நிற்கும். நம் வெயிலில் படலம் வெடிக்கும், வெடிப்பு வழியே புகுந்த நீர் வெளியேற முடியாமல் உள்ளேயே நிற்கும். பிறகு மறுபூச்சுக்கு முழுவதையும் சுரண்ட வேண்டும். ஊடுருவும் எண்ணெய் மங்கும், உரியாது. கழுவிக் காயவைத்து மேலேயே பூசலாம். வெயில் படும் பக்கத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை. நீர்த்துளி பலகையில் உருண்டு நிற்காமல் ஊறினால் நேரம் வந்துவிட்டது. நிறமி கலந்த எண்ணெய்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், நிறமற்றது அந்த வேலையைச் செய்யாது.

எண்ணெயே பூசாமல் சாம்பல்நிறமாக விட்டாலும் செங்காலுக்குப் பெரிய கேடு இல்லை. முனைகளை மட்டும் மறக்காதீர்கள். எண்ணெய் துடைத்த துணியை உருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். காய்கிற எண்ணெய் சூடேறி, தானே தீப்பிடிக்கும்.

கரையானுக்கு என்ன செய்வது?

நம் ஊரில் தொல்லை தருவது மண்ணடிக் கரையான். வெளிச்சம் படாமல் மண்குழல் கட்டிக்கொண்டு ஏறும். தரையிடைவெளி இருந்தால் அந்தக் குழல் கண்ணில் படும். வேலியடியில் இலைச்சருகு, மரத்தூள் உரம், பழைய பலகை எதையும் குவிக்காதீர்கள். மண்குழலைக் கண்டால் உடனே உடைத்துத் தெளிப்பான் அடிக்காதீர்கள். அடித்தால் கூட்டம் வேறு வழி தேடும். அப்படியே விட்டு, பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைத்து இரைப்பொறி வைக்கச் சொல்லுங்கள். கூடு வீட்டுப் பக்கமும் இருக்கலாம் என்பதால் வேலியோடு நிறுத்தாமல் வீட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கொடி படர்வதும் அழகுதான். ஆனால் அது பலகையைக் காயவிடாது. வேலிக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிக் கம்பிவலை கட்டி அதில் படரவிடுங்கள்.

வேலை மோசம், குத்தகையாளர் போனை எடுப்பதில்லை. என்ன வழி?

எழுத்தில் குறையைச் சொல்லி, சரிசெய்ய நாள் குறித்து அனுப்புங்கள். குழிப் படங்கள், தாள், ரசீது எல்லாம் சேர்த்து வையுங்கள். பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். சிறு கோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை கோரலாம். இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை.

பழைய வேலியைப் பழுதுபார்ப்பதா, புதிதாகப் போடுவதா?

ஒரு திருப்புளியை எடுத்து ஒவ்வொரு காலின் தரைமட்டத்திலும் குத்திப் பாருங்கள். 10 மி.மீ.க்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தக் கால் போய்விட்டது. எட்டில் ஒன்றிரண்டு என்றால் அவற்றை மட்டும் இரும்புக்கு மாற்றுங்கள். பாதிக்கு மேல் என்றால் எல்லாக் காலையும் மாற்றி, பலகை நன்றாக இருந்தால் அதையே மறுபடி ஏற்றுங்கள். முனையில் 50 மி.மீ. அறுத்தெறிந்தால் உள்ளே செங்கால் பெரும்பாலும் புதிது போலவே இருக்கும். அறுத்த முனைக்குப் பூச்சும், புதுத் துளையும், புது ஸ்க்ரூவும் கொடுக்க வேண்டும். பழைய துளையிலேயே முறுக்கினால் பிடிக்காது.